அழித்து அழித்துத் தேய்ந்த விடைத்தாள்: தோல்வி பயம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2022 செப்டம்பர் கடைசி. காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாள்களை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டின் நடுவில் அந்தத் தாள் வந்தது. கேள்வி எண்கள் அச்சுப் போல இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. 'தீர்வு' என்று எழுதி அதற்கும் ஒரு கோடு. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள். அடுத்த பக்கமும் அப்படித்தான், அதற்கடுத்த பக்கமும். ஒரு மதிப்பெண் வினாக்களில் மட்டும் ஆறு சரி. மொத்தம் 100க்கு 6.

வழக்கமாக இப்படிப்பட்ட தாளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. 'படிக்கவில்லை. பெற்றோரை அழைத்து வரவும்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். அன்றைக்குப் பார்த்து கரண்ட் போய்விட்டது. செல்போன் டார்ச்சைப் போட்டு மேஜை மேல் சாய்த்து வைத்தேன். பக்கவாட்டில் விழுந்த அந்த வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில் பள்ளம் பள்ளமாக எழுத்து தெரிந்தது.

பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்திருக்கிறான். ஓர் இருபடிச் சமன்பாடு. பெருக்கினால் −12, கூட்டினால் −1 வர வேண்டும். −4, +3 என்று சரியாகப் பிரித்து, இரண்டு காரணிகளையும் எழுதி, விடை வரைக்கும் போயிருக்கிறான். அப்புறம் ஒரு வரி விடாமல் அழித்திருக்கிறான். அந்த இடத்தில் தாள் மெலிந்து மறுபக்கத்து எழுத்து தெரிந்தது. ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஆறை இப்படித் தொட்டிருந்தான். அதில் நான்கு முழுக்கச் சரி. அழிக்காமல் விட்டிருந்தால் 30ஐ ஒட்டி வந்திருப்பான். விடை தெரிந்திருந்தும் அதைத் தாளில் விட்டுவைக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

பயத்தால் பிள்ளைகள் மார்க்கை இழப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தப் பயத்தை விரலால் தடவிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவனை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை விட்டுவிட்டேன். எழுதலாமா என்று அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பிள்ளையின் பின்னணி

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே கணிதப் பட்டதாரி ஆசிரியை. 2022–23இல் பத்தாம் வகுப்பில் 38 பேர். தம்பியின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அடைத்த பெட்டிக்கு ஏற்பக் கூலி. அப்பா லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

ஏழாம் வகுப்பு வரை தம்பிதான் வகுப்பில் முதல். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். எட்டாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே போனது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும், ஆனால் புரியவில்லை என்றால் கேட்க அங்கே ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வரும், ஆனால் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு லாரியில் போய்விடும். 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்தபோது, கணக்கில் 'முதல் மாணவன்' என்ற பெயரோடும் ஒரு வருட ஓட்டையோடும் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். எதிர்மறை எண்களின் குறி, பின்னங்களின் கூட்டல், இயற்கணிதக் கோவையைப் பிரிப்பது எல்லாம் தடுமாற்றம். அந்த ஓட்டை வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆனால் மற்றவர்களுக்குக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயர் இல்லை. இவனுக்கு இருந்தது.

நான் முதலில் போட்ட தப்புக் கணக்கு

காலாண்டுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தன. தேர்வு நாள் காலையில் வயிற்று வலி. அம்மா இரண்டு முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலி மட்டும் நிஜம். முகம் வெளிறி, வியர்த்துத்தான் வருவான்.

இன்னொன்று, தேர்வு தொடங்குமுன் எல்லோர் காதிலும் விழும்படி, "நான் ஒண்ணுமே படிக்கல, நேத்து ஃபுல்லா கிரிக்கெட்" என்பான். விசாரித்தால் இரவு பதினொன்று வரை நோட்டோடு உட்கார்ந்திருப்பான். சினிமாவுக்குப் போனேன், தூங்கிவிட்டேன் என்று தோல்விக்கு முன்கூட்டியே ஒரு காரணத்தைத் தயார் செய்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை ஸ்டீவன் பெர்க்லஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இலேயே சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். படிக்காமல் தோற்றால் போனது ஒரு தேர்வு. படித்தும் தோற்றால் 'மண்டையில ஒண்ணும் இல்ல' என்று ஆகிவிடும். பிள்ளைகள் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஜூலையில் நான் இதை எதுவும் யோசிக்கவில்லை. 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தேன். மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார வைத்து ஒரே கணக்கைப் பத்து முறை எழுத வைத்தேன். அழகாக எழுதினான், பார்த்து எழுதுவதில் தோல்விக்கு வழியே இல்லையே. அவ்வப்போது தோளைத் தட்டி, "நீ மூளைக்காரப் பையன்ப்பா, மனசு வச்சா சென்டம் போடுவ" என்பேன். ஊக்கம் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். க்ளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால் படித்தபோது என் கை எனக்கே கனத்தது. 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், அடுத்து ஒரு கடினமான பயிற்சியில் சறுக்கியதும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகளைவிடச் சீக்கிரம் துவண்டார்கள். தம்பியின் தலையில் ஏற்கெனவே ஒரு மூட்டை இருந்தது. அதன் மேல் நானும் ஒன்றை ஏற்றியிருந்தேன்.

அவனும் "ஆண்டுத் தேர்வுல நேரா சென்டம்தான் டீச்சர்" என்பான். பாஸ் மார்க்கைப் பற்றிப் பேசவே மாட்டான். இதற்கும் ஒரு விளக்கம் உண்டு. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் வளையம் எறியும் கடை போடுவார்கள். சோப்பு மேலோ பொம்மை மேலோ வளையம் விழுந்தால் அது நமக்கு. ஜான் அட்கின்சனும் ஜார்ஜ் லிட்வினும் 1960இல் வெளியிட்ட சோதனை கிட்டத்தட்ட இதே விளையாட்டுதான். எங்கே நின்று எறிவது என்பதை எறிபவரே முடிவு செய்யலாம். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை மிகுந்தவர்கள் நடுத்தரத் தூரத்தில் நின்றார்கள். தோல்வி பயம் மிகுந்தவர்கள் அந்த நடுத் தூரத்தை அவ்வளவாக விரும்பவில்லை. ரொம்பப் பக்கத்தில் நின்றால் தவற வாய்ப்பில்லை. ரொம்பத் தூரத்தில் நின்றால் தவறினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தம்பிக்குப் பார்த்து எழுதும் வேலை பக்கத்து இடம், சென்டம் தூரத்து இடம். நடுவில் இருக்கும் 35, 40, 50 என்ற இடங்களில்தான் உண்மையான தோல்வி இருக்கிறது. அங்கே அவன் நிற்கவே இல்லை.

"வாசிப்பீங்க டீச்சர்"

தாளைக் கொடுக்கும் நாளுக்கு முன்தினம், பள்ளி விட்ட பிறகு தம்பியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னேன். ஆசிரியர் அறையில் வைத்துப் பேசினால் நாலு பேர் காதில் விழும். செல்போன் டார்ச்சைத் தாளில் சாய்த்துக் காட்டினேன். தன் எழுத்து தெரிவதைப் பார்த்ததும் அவன் காது சிவந்துவிட்டது.

"இது சரியாத்தானப்பா இருக்கு. எதுக்கு அழிச்ச?"

பதில் இல்லை. காலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து, "தப்பா இருந்துட்டா..." என்றான். "இருந்துட்டா என்ன?"

"வாசிப்பீங்க டீச்சர்."

என்ன சொல்கிறான் என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கு எடுத்ததும் நான்தான். 2021 நவம்பரில், பள்ளி திறந்த பிறகு வைத்த முதல் பெரிய டெஸ்ட். தாள்களை மார்க் வாரியாக அடுக்கி, மேலிருந்து கீழாகப் பேர் வாசித்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் உட்காரலாம், மற்றவர்கள் நிற்க வேண்டும். 50க்கு 9. அவனைத் தவிர எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அவன் பேர் வந்தது. "ஏழாப்புல ஃபர்ஸ்ட் ரேங்க்காம்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், அதற்கு ஒரு சிரிப்பு. அதை நான் அடக்கவில்லை. நானும் லேசாகச் சிரித்தேன் என்று அவன் சொன்னான். எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு ஞாபகம் இருக்கிறது என்றால் சிரித்திருப்பேன்.

ரேங்க் அறிவிப்பால் பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று, பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியைப் படித்து நல்ல முடிவு என்று சக ஆசிரியர்களிடம் பேசியவள் நான். ஆனால் என் வகுப்பறையில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் கடைசி இடத்தை நானே அறிவித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். தேர்ச்சி விகிதம் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் பாட ஆசிரியர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். கணக்கில் எத்தனை பேர், ஏன், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். நூறு சதவீதம் காட்டிய பள்ளிகளின் பட்டியலை வாசிப்பார்கள், நம் பள்ளி பேர் அதில் இருக்காது. அந்தக் கூட்டத்துக்குப் போகும் நாளில் எனக்கும் காலையில் சாப்பாடு இறங்காது. அந்தப் பயத்தைத்தான் நான் வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். தம்பியின் தாளில் நான் கண்டது பாதி அவன் பயம், பாதி என்னுடையது.

என்ன செய்தோம்

முதல் வேலை, மார்க் வாசிப்பதை நிறுத்தினேன். மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன்: இனிமேல் தாள் மடித்துத்தான் கைக்கு வரும், மார்க் உள்பக்கத்தில் இருக்கும், காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். 2021 நவம்பரில் வாசித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். யார் பேரையும் சொல்லவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது. அப்புறம் ஒரு பெண், "அப்ப சிவப்பு மை டீச்சர்?" என்றாள். சரி, அதுவும் வேண்டாம் என்று பச்சைக்கு மாறினேன். மையின் நிறத்தால் பெரிதாக எதுவும் மாறிவிடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்டதைச் செய்தேன் என்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

அடுத்து ரப்பர். கணக்கு வகுப்பில் ரப்பருக்குத் தடை, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் மட்டும் விதிவிலக்கு. தப்பு என்று தோன்றினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, கீழே மறுபடி எழுது. இதற்குத் தேர்வு முறையிலேயே காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு கணக்கில் ஐந்து மதிப்பெண் விடையைப் படிப்படியாகத்தான் மதிப்பிடுகிறார்கள். சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிட்டதற்கு ஒன்று என்று விடைக்குறிப்பிலேயே பிரித்திருப்பார்கள். கடைசி வரி தப்பினாலும் முந்தைய வரிகளுக்கு மதிப்பு உண்டு. அழித்துவிட்டால் எதற்கும் இல்லை. தம்பிக்கு முதல் இரண்டு வாரமும் கை ரப்பரைத் தேடியது. ரப்பர் இல்லாததால் எச்சில் தொட்டு அழித்துத் தாளைக் கிழித்த நாளும் உண்டு. நான் எதுவும் சொல்லாமல் வேறு தாள் கொடுத்தேன்.

மூன்றாவது காரியம்தான் எங்களுக்கு அதிகம் உதவியது என்பது என் கணிப்பு. தினமும் முதல் பத்து நிமிடம் ஒரே ஒரு கணக்கு. துண்டுத் தாளில், பேர் எழுதாமல். நான் எல்லாவற்றையும் வேகமாகப் புரட்டி, ஒரு தப்பான விடையை எடுத்து என் கையெழுத்தில் பலகையில் எழுதுவேன். இதில் எதுவரைக்கும் சரி, எந்த இடத்தில் வழுக்கியது, ஏன் வழுக்கும் என்று வகுப்பே பேசும். பிள்ளைகளே இதற்கு 'இன்னைக்குத் தப்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். சும்மா கவனக்குறைவால் வந்த தப்பை எடுக்க மாட்டேன். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் கழித்தல் குறி உள்ளே வரும்போது இரண்டாவது உறுப்பைத் தொடாமல் விடுவது போல, பத்துப் பேருக்காவது வந்திருக்கும் தப்பைத்தான் எடுப்பேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் பலகையில் எழுதிய தப்பைப் பார்த்து, "அது என்னோடது டீச்சர்" என்றாள் ஒரு பெண், சாதாரணமாக. அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தம்பி நவம்பர் நடுவில்தான் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு உடனே பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சுக்காரன், "எனக்கும் அதே தப்புதாண்டா" என்றான்.

டெஸ்டுக்கு முந்தைய பத்து நிமிடத்துக்கும் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு கசங்கிய தாளில், இந்த டெஸ்டைப் பற்றி மனசில் என்ன ஓடுகிறதோ அதை எழுத வேண்டும். யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிக் கிழித்துக் கூடையில் போட்டுவிடலாம். ஜெரார்டோ ரமிரெஸ், சியன் பைலாக் இருவரும் 2011இல் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தேர்வுக்குச் சற்று முன் கவலையை எழுதிவைத்த மாணவர்கள், குறிப்பாகத் தேர்வுப் பயம் அதிகம் உள்ளவர்கள், நன்றாகச் செய்தார்கள். கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்துவைக்க மனசில் கொஞ்சம் இடம்தான் உண்டு. அந்த இடத்தில் 'வாசிச்சா என்ன ஆகும்' என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டால், −4ஐயும் +3ஐயும் எங்கே வைப்பது? தம்பி ஒரு நாள் தன் தாளை அவனாகவே காட்டினான். நாலு வரி. மூன்று வரி அம்மாவைப் பற்றி.

அம்மா

அதனால்தான் அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. 'பெற்றோரை அழைத்து வரவும்' என்று எழுதினால் கூலி போகும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்குப் போனேன்.

"என்ன டீச்சர், எதுவும் தப்பு பண்ணிட்டானா?" என்றார் வாசலிலேயே. இல்லக்கா, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்றேன். காபி போட்டுக் கொடுத்தார். பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: "இவனத்தான் டீச்சர் நம்பியிருக்கேன். தினமும் சொல்லிட்டே இருப்பேன், நீ படிச்சு மேல வரலேன்னா இந்த அம்மா இருந்து என்ன பிரயோசனம்னு."

பாசத்தில் சொல்கிற வார்த்தை. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தினமும் கேட்கிற வார்த்தை. அது பதினைந்து வயதுப் பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று நாம் நினைப்பதே இல்லை. கணக்கில் தவறினால் அம்மா இருக்க மாட்டாள் என்று விழும். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பெட்டி அடைக்கிறப்ப குச்சி கூடக் குறைய விழுந்துரும் டீச்சர். தட்டிட்டு மறுபடி அடைப்போம். அதுக்காக அழுதுக்கிட்டா இருக்கோம்?" என்றார். "இத அவன்ட்ட சொல்லுங்கக்கா" என்றேன். நான் கிளம்பும் வரைக்கும் தம்பி உள் அறையிலிருந்து வரவே இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

தோற்றால் என்ன ஆகும்?

டிசம்பரில் வகுப்பில் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்தேன். பிள்ளைகளிடம் பெயிலானால் என்ன ஆகும் என்று கேட்டால், முதலில் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் வந்த பதில்கள்: வீட்டுக்குள்ள விட மாட்டாங்க, ஒரு வருசம் போயிரும், கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க, ஆபீசுக்கு அனுப்பிருவாங்க. துணைத் தேர்வு என்று ஒன்று இருப்பதே பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. ரிசல்ட் வந்து சில வாரங்களில், அதே கோடையில், தவறிய பாடத்தை மட்டும் எழுதலாம். தேறினால் அந்த ஆண்டே பிளஸ் ஒன்னோ ஐடிஐயோ சேரலாம்.

2017இல் எங்கள் பள்ளியில் கணக்கில் தவறி, துணைத் தேர்வில் தேறி, ஐடிஐ முடித்து இப்போது எலக்ட்ரீசியனாக இருக்கும் பழைய மாணவர் ஒருவரை வரச் சொன்னேன். ஒருத்தன் எழுந்து, "அண்ணே, பெயிலான அன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான்.

"வீட்டுக்குப் போகல. கம்மாக்கரையில உக்காந்திருந்தேன். பொழுது சாய எங்க சித்தப்பா தேடிக்கிட்டு வந்தார். அடிப்பாருன்னு நெனச்சேன். சாப்ட்டியாலேன்னு கேட்டார். சாப்பிடலன்னேன். வான்னு கூட்டிட்டுப் போனார்."

இதைப் பெரியவர்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிசல்ட் வருகிற வாரத்தில் பிள்ளை ஒரு மாதிரியாக இருந்தால், சாகலாம் போல இருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னால்கூட, அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அப்படி எதுவும் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கோ 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ போன் போட்டால் தமிழிலேயே பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417லும் மாணவர்கள் கேட்கலாம். இந்த மூன்று எண்களையும் எங்கள் வகுப்புச் சுவரில் பெயின்டால் எழுதிவைத்திருக்கிறோம்.

அதே வாரம் தம்பியோடு உட்கார்ந்து வினாத்தாளைப் பிரித்தேன். ஒரு மதிப்பெண் 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும், 20. ஐந்து மதிப்பெண்ணில் பத்து, 50. கடைசியில் வடிவியலும் வரைபடமும் எட்டெட்டு, 16. "பாஸ் ஆகணும்னா 35 வேணும். அப்ப எத்தனை மார்க் தப்பு விடலாம்?" கணக்குப் போட்டான். "65." "அவ்ளோ தப்பு உன்னால பண்ண முடியுமா?" வாய்விட்டுச் சிரித்தான். அந்த வருடத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வடிவியல், வரைபடம் 16, ஒரு மதிப்பெண்ணில் ஒன்பது, இன்னும் இரண்டே இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்கு. 35 வந்துவிட்டது. வளையக் கடையில் நடுவில் ஓர் இடம் அவனுக்குக் கிடைத்தது.

28

அரையாண்டில் 28 எடுத்தான். பெயில்தான். ஆனால் அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுத்து. பதினான்கு இடங்களில் ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தான். சில இடங்களில் சரியான வரியைக்கூட அடித்துவிட்டுத் தப்பாக எழுதியிருந்தான். அடித்ததற்குக் கீழே மறுபடி தொடங்கியிருந்தான். மடித்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தான். பையில் வைத்தான். மறுநாள் வருவானா என்று எனக்குப் பயமாகவே இருந்தது. வந்தான். 'இன்னைக்குத் தப்பு'க்குத் துண்டுத் தாளும் எழுதினான்.

பயம் போவதற்கு ஜெயிப்பது உதவும் என்றுதான் எல்லோரும் சொல்வோம். தம்பி விஷயத்தில் அந்த 28தான் உதவியது என்று நம்புகிறேன். தோற்றும் பார்த்தாயிற்று. யாரும் வாசிக்கவில்லை, அம்மா அழவில்லை, மறுநாள் பள்ளி வழக்கம்போல இருந்தது.

எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. ஜனவரித் திருப்புதல் தேர்வில் 41 வந்தது. பிப்ரவரியில் வட்டத்துக்குத் தொடுகோடு வரையும்போது காம்பஸ் வழுக்கிப் படம் கோணலாகிவிட, பழைய வயிற்று வலி திரும்பி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனிடம் நான் எதுவும் விசாரிக்கவில்லை. அந்த ஒரே படத்தை ஏழு நாள், நாளுக்கு ஒரு முறை வரைந்தோம். பொதுத்தேர்வில் படத்தையும் வரைபடத்தையும் முதலில் முடித்துவிடுவது என்று அவனே முடிவெடுத்தான்.

இதையெல்லாம் ஒரே நேரத்தில் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய பாட ஓட்டைகளை அடைத்ததும் இதில் பாதி. குறியும் பின்னமும் தெரியாத பிள்ளையிடம் பயப்படாதே என்று மட்டும் சொல்வது ஏமாற்று வேலை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து மாலையில் நாற்பது நாள் நடத்தினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார வெட்கப்படுவார்கள் என்று, பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன்.

நான் கவனிக்காமல் விட்ட பிள்ளையும் உண்டு. எப்போதும் 95க்கு மேல் எடுக்கும் பெண். திருப்புதலில் 91 வந்த அன்று கழிப்பறையில் அழுதுகொண்டிருந்தாள் என்று ஆயாம்மா சொல்லித்தான் தெரிந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பயம் இருக்கும் என்று நான் தேடவே இல்லை. அவளோடு பேசத் தொடங்கியபோது பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

2023 ஏப்ரலில் தேர்வு, மே மாதம் முடிவு. தம்பிக்குக் கணக்கில் 61. வகுப்பில் இரண்டு பேர் கணக்கில் தவறினார்கள். ஒருவன் துணைத் தேர்வில் தேறினான். இன்னொருத்தி எழுத வரவில்லை. அவள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வெளியூர் போயிருக்கிறாள் என்றார்கள். நூறு சதவீதப் பட்டியலில் அந்த ஆண்டும் எங்கள் பள்ளி இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்றேன். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டபோது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

தம்பி பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தான். தீபாவளி லீவில் என்னைப் பார்க்க வந்தான். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"இயற்பியல்ல பெயில் டீச்சர். அந்த சார் வாசிப்பார். 70க்கு 19ன்னு என்னையும் வாசிச்சார்."

"என்ன செஞ்ச?"

"எந்திரிச்சுப் போய் வாங்கிட்டு வந்தேன். பக்கத்துல இருக்கவன் 17. ரெண்டு பேரும் உக்காந்து எங்க தப்புன்னு பாத்தோம்."